வலது பக்கத்துக் கீல்

ஒரே கட்டடத்தில் மேல்வீடும் கீழ்வீடுமாகக் குடியிருந்துகொண்டு, விமானம் பழுதுபார்க்கிற ஒரே ஹேங்கரில் வேலையும் பார்த்துக்கொண்டு, இரண்டு பெண்கள் எட்டு மாதம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருக்க முடியுமா என்று கேட்கிறவர்கள், நம் பட்டியல்காரியையும் அவள் நாத்தனாரையும் வந்து பார்க்க வேண்டும். மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் ஒருத்தி சுவரைப் பார்ப்பாள், இன்னொருத்தி கைப்பிடியைப் பார்ப்பாள். அப்பேர்ப்பட்ட பிடிவாதம்.

பட்டியல்காரிதான் ஹேங்கரில் பாகங்களுக்குத் திட்டம் போடுகிறவள். பெரிய விமானம் ஒன்று முழுச் சோதனைக்கு உள்ளே வந்தால், அதற்கு என்னென்ன பாகம் வேண்டும், எங்கே வாங்குவது, கப்பலில் வருமா வான்வழியில் வருமா, எந்தத் தேதிக்குள் கையில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. வந்து இறங்குகிற பாகத்தைப் பெட்டி பிரித்து, காகிதத்தைச் சரிபார்த்து, முத்திரை குத்துவது நாத்தனார் பொறுப்பு. அந்த முத்திரை விழாமல் ஒரு திருகாணிகூட விமானத்தில் ஏறாது.

எட்டு மாதத்துக்கு முன்னால், அண்ணிக்காரி தலைகீழாக நின்று வரவழைத்த ஒரு பம்ப்பை, சான்றிதழில் ஒரு தாள் குறைகிறது என்று நாத்தனார் திருப்பி அனுப்பிவிட்டாள். விமானம் நான்கு நாள் தாமதம். அண்ணிக்குக் கண்டனக் கடிதம். அன்றைக்கு வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, "கூடவே இருந்து குழி பறிக்கறா" என்று அண்ணி வாயை விட, நாத்தனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து மேல்வீட்டுக்குப் போனாள். போனவள் போனவள்தான்.

நடுவில் மாட்டிக்கொண்டவர், ஒருத்திக்குக் கணவரும் இன்னொருத்திக்கு அண்ணனுமான நம் லாரிக்காரர். சொந்தமாக இரண்டு லாரி, துறைமுகத்திலிருந்து ஹேங்கருக்குச் சாமான் ஏற்றுவது தொழில். இந்த எட்டு மாதத்தில் மனிதருக்குத் தபால்காரர் உத்தியோகமும் சேர்ந்துகொண்டது.

இந்த லட்சணத்தில் பட்டியல்காரி இன்னொரு வம்பையும் விலைக்கு வாங்கி வைத்திருந்தாள். விமானத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, 'ஐயையோ, இது தேய்ஞ்சிருக்கே' என்று காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு ஓடி ஓடிப் பாகம் வாங்குவது பழைய வழி. அதே வயது விமானங்களில் இதுவரை என்னென்ன பழுது கண்டது என்று அலசி, பிரிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே சொல்லிவைத்து, நிதானமாகக் கப்பலில் வரவழைப்பது அவள் வழி. இப்படிச் செய்தால் முப்பத்து நாலு நாள் பிடிக்கிற சோதனையை இருபத்தாறே நாளில் முடிக்கலாம் என்று மேலாளர் அறைக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்.

"முடியலன்னா?" என்று கேட்டார் மேலாளர்.

"இருபத்தாறாவது நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பிளேன் வெளிய போகலன்னா, என் நாற்காலிய நானே காலி பண்ணிடறேன் சார்."

சொல்லிவிட்டாள். சொன்னது சொன்னதுதானே.

அந்த இருபத்தாறாவது நாள்தான் இன்று விடிந்திருக்கிறது.

காலையில் லாரிக்காரர் சட்டையை மாட்டும்போதே அவர் பையில் ஒரு தாளைச் செருகினாள்.

"இது என்ன?"

"நீங்க ஏத்தப்போற பதினோரு பெட்டி. எதுல என்ன இருக்கு, எவ்வளவு எடைன்னு எழுதியிருக்கேன்."

"அதான் துறைமுகத்துலயே ஒரு காகிதம் குடுப்பாங்களே?"

"குடுப்பாங்க. இது என் காகிதம்."

"நீ கல்யாணத்தன்னைக்கே கையில பட்டியலோட நின்னவதானே" என்றார் அவர். "அதுல மாப்பிள்ளைன்னு ஒரு வரி இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு. கடைசி வரி."

சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனவர், திரும்பி நின்று கண்ணால் மாடியைக் காட்டினார். "இன்னைக்கு உனக்கு எவ்வளவு பெரிய நாள்னு அவளுக்கும் தெரியும். ஏதாவது சொல்லட்டுமா?"

"தெரிஞ்சா தெரியட்டும். ஒண்ணும் சொல்ல வேணாம்."

தபால்காரர் பெருமூச்சு விட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஹேங்கரில் அந்தப் பழைய விமானத்துக்கு எல்லாரும் வைத்த பெயர் பெரியம்மா. வயதான உடம்பு, மூட்டுக்கு மூட்டு பார்க்க வேண்டியிருந்தது. நாளைக் காலையில் வந்து அதே இடத்தில் நிற்கப்போகிற, கொஞ்சம் வயது குறைந்த விமானத்துக்கு, வருவதற்கு முன்பே சித்தி என்று பெயர் விழுந்துவிட்டது. லாரியில் வருகிற பதினோரு பெட்டியும் சித்திக்கு.

பெரியம்மாவுக்கு எல்லாம் முடிந்து ஒரே ஒரு பாகம் பாக்கி. சக்கரக் கூட்டை மூடுகிற கதவின் கீல். நம் வீட்டு அலமாரிக் கீல் என்று நினைத்துவிட வேண்டாம். முழங்கை நீளத்துக்கு, வளைந்து, ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும். பதினேழாம் நாள் அதில் மயிரிழை விரிசல் தெரிந்தது. மெக்கானிக் படம் எடுத்து, பழுதை எழுதிய அட்டையோடு அனுப்பினார். பட்டியல்காரி அன்றே ஆர்டர் போட்டாள். இன்று காலை ஒன்பதரைக்குப் பெட்டி வந்து இறங்கிவிட்டது.

"மணி என்ன?" என்று கேட்டுக்கொண்டே மேலாளர் அவள் அறையைக் கடந்துபோனார். கையில் கடிகாரம் கட்டியிருந்தாலும் போகிற வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் கேட்பார்.

"பத்தே முக்கால் சார். கீல் வந்துடுச்சு."

"சந்தோஷம். ஆறு மணிக்கு இன்னும் ஏழேகால் மணி நேரம்" என்றார். அவருக்கா மணி தெரியாது!

அவர் தலை மறைந்ததும் தொலைபேசி அடித்தது.

"அண்ணி."

அது யார் குரல் என்று பட்டியல்காரிக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. பிடிபட்டதும் முதுகு நிமிர்ந்துவிட்டது.

"கீழ வாங்க. கீல் விஷயமா."

"காகிதத்துல என்ன குறை கண்டுபிடிச்ச?"

"காகிதத்துல ஒரு குறையும் இல்ல. நீங்க வாங்க."

அவள் தொலைபேசியை அறைந்து வைத்தாள். எட்டு மாதம் காத்திருந்து, சரியாக இன்றைக்குப் பார்த்து வேட்டு வைக்கிறாளே என்று பல்லைக் கடித்தாள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தையாவது கேட்டுவிட வேண்டும் என்று படியிறங்கும்போதே வரிசைப்படுத்திக்கொண்டாள்.

அந்தப் படியில் அவள் இறங்கியே எட்டு மாதம் ஆகிறது. ஏனென்றால் அது நாத்தனாரின் சோதனை அறை வாசல் வழியாகத்தான் விமானத்துக்குப் போகும். கம்பி வலை போட்ட அறை, உள்ளே யார் இருந்தாலும் வெளியே தெரியும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் பட்டியல்காரி இத்தனை நாளும் தொலைபேசியிலும் புகைப்படத்திலுமே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்திருந்தது. நாத்தனார் நீலக் கோட்டு போட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு நின்றிருந்தாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள் என்று பட்டியல்காரிக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே எரிச்சல் பட்டாள்.

மேசையில் இரண்டு கீல்கள். ஒன்று புதிது, பழுப்புக் காகிதம் பாதி பிரித்தபடி. இன்னொன்று பெரியம்மாவிடமிருந்து கழற்றியது, சிவப்புச் சீட்டு கட்டியிருந்தது.

"ரெண்டையும் பாருங்க அண்ணி."

பார்த்தாள். வரிசைப்படுத்தி வைத்திருந்த நாலு வார்த்தையும் மறந்துபோயின. இரண்டு கீலும் ஒன்றாக இல்லை. ஒன்று இந்தப் பக்கம் வளைந்தால் மற்றது அந்தப் பக்கம் வளைந்தது, நம் இரண்டு உள்ளங்கைகளையும் அருகருகே விரித்தால் இருக்குமே, அப்படி.

"புதுசு இடது பக்கத்துக் கீல்" என்றாள் நாத்தனார். "பெரியம்மாவுக்கு உடைஞ்சது வலது."

விமானத்தில் இடம் வலம் என்றால், பைலட் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்க்கிறவரின் இடமும் வலமும்தான். மெக்கானிக் மூக்குப் பக்கம் நின்று, வாலைப் பார்த்துப் படம் எடுத்திருக்கிறார். படத்தில் இடப்பக்கம் தெரிந்தது உண்மையில் வலப்பக்கம். அட்டையில் எந்தப் பக்கம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அந்தக் கட்டத்தைப் படத்தைப் பார்த்துத் தன் கையாலேயே நிரப்பியவள் பட்டியல்காரி. ஒரு நடை கீழே இறங்கிப் போய் விமானத்தடியில் நின்று பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டுகூடச் சொல்லியிருப்பாள்.

அவள் பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஆர்டர் போட்டது இடது, வந்ததும் இடது" என்றாள் நாத்தனார். "காகிதம் பக்காவா இருக்கு. முத்திரை குத்தி அனுப்பியிருந்தா என்னை யாரும் ஒரு கேள்வி கேக்க முடியாது. மாட்டப் போறப்பதான் விஷயம் தெரிஞ்சிருக்கும்."

"அப்ப ஏன் என்னைக் கூப்பிட்ட?"

நாத்தனார் பழைய கீலின் சிவப்புச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கழட்டினதெல்லாம் என் கூண்டுக்குள்ளதானே கெடக்கு. இன்னைக்கு உங்களுக்கு எந்தத் தப்பும் வந்துடக் கூடாதுன்னு, எதுக்கும் ஒருதடவை பக்கத்துல வெச்சுப் பாத்தேன்."

பட்டியல்காரிக்கு முகமெல்லாம் சூடேறியது. அவமானம், நன்றி, ஆத்திரம் எல்லாம் ஒன்றாகக் கண்ணில் முட்டிக்கொண்டு வந்தன.

"தப்பு என்னுதுதான். நேர்ல வந்து பாக்கல. ஏன் வரலன்னா..."

"தெரியும். என் அறையைத் தாண்டித்தானே வரணும்." நாத்தனார் ஒரு துணியை எடுத்து நீட்டினாள். எண்ணெய் துடைக்கிற துணி, ஆனால் சுத்தமானது. "அழறதெல்லாம் ஆறு மணிக்கு மேல வெச்சுக்கலாம் அண்ணி. இப்ப மணி பதினொண்ணு. வலது கீல் எங்க கிடைக்கும்?"

பட்டியல்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணை மூடினாள். மூடினால் போதும், எழுதியதெல்லாம் வரி வரியாக ஓடும். எந்தக் கிடங்கில் என்ன, எந்தக் கப்பலில் என்ன, எந்தப் பெட்டியில் என்ன.

"சித்தி!" என்று கத்தினாள்.

"என்ன?"

"போன சோதனையிலேயே சித்திக்கு ரெண்டு கீலும் தேய்ஞ்சிருக்குன்னு எழுதியிருந்தாங்க. அதனால ஜோடியா சொல்லிவெச்சேன். ஒண்ணு இடது, ஒண்ணு வலது. பதினேழாம் நாள் பெரியம்மாவுக்கு விரிசல் தெரிஞ்சப்ப கப்பல் நடுக்கடல்ல இருந்துச்சு. இப்ப எறங்கிடுச்சு. ஏழாம் பெட்டி!"

"பெட்டி எங்க இருக்கு?"

"உங்கண்ணன் லாரியில!"

நாத்தனாரே தன் மேசைத் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ?"

"அண்ணா, நான்தான். அண்ணியும் இங்கதான் இருக்காங்க."

"எங்க? ஆஸ்பத்திரியிலயா? ஐயோ, அவளுக்கு என்னாச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. பக்கத்துலதான் நிக்கறேன்" என்றாள் பட்டியல்காரி.

அந்தப் பக்கம் பெரிய வண்டி பிரேக் போடுகிற சத்தம் கேட்டது.

"என்னங்க, இருக்கீங்களா?"

"இரு, இரு. வண்டிய ஓரமா நிறுத்திட்டேன். இதெல்லாம் ஓட்டிக்கிட்டே கேக்கற சமாச்சாரமா? ரெண்டு பேரும் ஒரே அறையிலயா இருக்கீங்க?"

"அண்ணா, அதை அப்புறம் பேசலாம். நேரா இங்க வந்தா எத்தனை மணிக்கு வந்து சேருவ?"

"நேரா வந்தா ரெண்டுக்குள்ள வந்துடுவேன். ஆனா நடுவுல சக்கரக் கடையில டயர் இருக்கற பெட்டியெல்லாம் எறக்கணுமே, அதுக்கே ரெண்டு மணி நேரம் ஆகும். எறக்காம வந்தா அந்த ஆள் என்னை உரிச்சுத் தொங்க விட்டுடுவான்."

"அந்த டயர் யாருக்கு?" என்று கேட்டாள் பட்டியல்காரி.

"யாருக்கு?"

"எனக்குத்தான்! சித்தியோட டயர். பத்து நாள் கழிச்சுதான் வேணும். அந்த ஆள்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க எங்கயும் நிக்காம வாங்க."

"அட ஆமா, எல்லாமே உன் சாமான்தானே!" என்றார் லாரிக்காரர். "ஆனா ஒண்ணு. ஏழாம் பெட்டியத்தான் முதல்ல ஏத்தினேன். அது அடி ஆழத்துல கெடக்கு. மத்த பத்தையும் எறக்கினாத்தான் அது வரும்."

அடுத்து மேலாளர் அறை. பட்டியல்காரி எதையும் மறைக்கவில்லை. பக்கத்தை மாற்றி எழுதியது தான்தான் என்றாள், ஏன் நேரில் போய்ப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சித்திக்குச் சொன்னத பெரியம்மாவுக்குக் குடுத்துட்டா, சித்திக்கு?"

"சித்தியப் பிரிச்சு கீலைத் தொடவே பத்து நாள் ஆகும் சார். வேற வலது கீலுக்கு இப்பதான் ஆர்டர் போட்டுட்டு வந்தேன். ஒன்பதாம் நாள் வந்துடும். இந்தத் தடவை நேர்ல போய் நின்னு பாத்துட்டுத்தான் போட்டேன்."

"மாட்டறதுக்கு எவ்வளவு நேரம்?"

"மாட்ட ரெண்டு மணி நேரம். கதவைத் திறந்து மூடிப் பாக்க அரைமணி. மூணு மணிக்கு கீல் கைக்கு வந்தாப் போதும்."

"பாருங்க, நீங்களா சொன்ன வார்த்தை. ஆறு மணின்னா ஆறு மணிதான். அஞ்சு நிமிஷம் கூட நான் சேத்துக் குடுக்க முடியாது" என்றார் அவர். குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒன்று ஐம்பத்தைந்துக்கு லாரி உள்ளே நுழைந்தது. லாரிக்காரர் இறங்கும்போதே சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. மனைவி ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இதுக்காகவே இன்னொரு தடவைகூட ஓட்டுவேன்" என்றார்.

அப்புறம் நடந்தது பார்க்க வேண்டிய காட்சி. விஷயம் அதற்குள் ஹேங்கர் முழுக்கப் பரவியிருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் இருந்தவர்கள் பாதியில் எழுந்து வந்தார்கள். பெட்டி தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஒன்று போய் இரண்டு வந்தன. பட்டியல்காரி தாளும் பேனாவுமாக நின்று, "மூணு அந்தப் பக்கம், ஒன்பது இந்தப் பக்கம், பதினொண்ணு பாத்து, பாத்து!" என்று குரல் கொடுத்தாள். எப்படியும் சித்திக்காக இறக்க வேண்டிய பெட்டிகள்தானே, ஒன்றும் வீண் வேலை இல்லை. பத்துப் பெட்டியும் பதினெட்டே நிமிடத்தில் இறங்கின. ஏழாம் பெட்டி சோதனை மேசைக்குப் போனபோது மணி இரண்டு பதினைந்து.

நாத்தனார் கையை அலம்பித் துடைத்தாள். விளக்கை இழுத்துக்கொண்டாள். பெட்டியின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். வலைக்கு வெளியே பட்டியல்காரி, லாரிக்காரர், மெக்கானிக்குகள் எல்லாரும் நின்றார்கள்.

கீலில் பொறித்த எண்ணைப் பார்த்தாள், எழுதினாள். பூதக்கண்ணாடியை வைத்து வளைவைப் பார்த்தாள், எழுதினாள். துளைகளை அளந்தாள், எழுதினாள். இரண்டரை ஆயிற்று. இரண்டு நாற்பது ஆயிற்று.

"கொஞ்சம் சீக்கிரமா..." என்று பட்டியல்காரிக்கு வாய் தவறி வந்துவிட்டது.

நாத்தனார் நிமிர்ந்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால் இதே மேசையில், இதே வார்த்தையில்தான் சண்டை ஆரம்பித்தது. லாரிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணி, அவசரத்துக்கெல்லாம் இந்த முத்திரையை நான் குத்த மாட்டேன்."

"குத்த வேணாம்" என்றாள் பட்டியல்காரி. வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னது தப்பு. ஆறு மணி போனாலும் போகட்டும், நாற்காலி போனாலும் போகட்டும். நீ முழுசாப் பாரு. உன்னால காலையிலேயே தப்பிச்சேன், அதை நான் மறக்கல."

நாத்தனார் சான்றிதழ் உறையைப் பிரித்தாள். முதல் தாள், இரண்டாம் தாள், மூன்றாம் தாள். நான்காவதில் விரல் நின்றது. நெற்றி சுருங்கியது.

"இந்தக் காகிதத்தையெல்லாம் யார் அடுக்கினது?"

பட்டியல்காரி வலையில் முகத்தைப் பதித்தாள். "நான்தான். பெட்டி கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் வரவழைச்சுச் சரிபாத்தேன். ஏன், ஏதாவது குறையுதா?"

"எல்லாப் பெட்டிக்கும் இப்படித்தானா?"

"எல்லாத்துக்கும். நீ அந்தப் பம்ப்பைத் திருப்பி அனுப்பினதுலேர்ந்து இப்படித்தான். உன்னைத் திட்டிக்கிட்டேதான் செஞ்சேன், ஆனா ஒண்ணுகூட விடாம செஞ்சேன்."

நாத்தனார் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பன்னண்டு வருஷமா இந்த வேலையில இருக்கேன். இவ்வளவு சுத்தமா ஒரு காகிதக் கட்டு என் மேசைக்கு வந்ததே இல்ல அண்ணி" என்று சொல்லிக்கொண்டே முத்திரையை எடுத்தாள்.

டக்கென்று ஒரு சத்தம். மணி இரண்டு ஐம்பத்தெட்டு.

அதற்கு மேல் பட்டியல்காரிக்கு வேலையே இல்லை. மெக்கானிக்குகள் கீலைத் தூக்கிக்கொண்டு ஓட, அவள் பெரியம்மாவின் சக்கரத்தடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாதம் புகைப்படத்தில் பார்த்த உடம்பை இன்று நேரில் அண்ணாந்து பார்த்தாள். நாத்தனாரும் டீ இரண்டை வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரில் யாரும் சுவரைப் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்குக் கீல் மாட்டியாயிற்று. கதவு திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது, மூடியது. பத்து தடவை. பத்தாவது தடவை மெக்கானிக் கட்டைவிரலை உயர்த்தினார். கையெழுத்துகள் விழுந்தன. ஐந்து நாற்பத்தைந்துக்கு ஹேங்கரின் பிரம்மாண்டமான கதவுகள் கடகடவென்று இரண்டு பக்கமும் ஒதுங்கின.

இழுவை வண்டி முனகிக்கொண்டு நகர, பெரியம்மா அசைந்தாள். இருபத்தாறு நாள் அக்கு வேறு ஆணி வேறாகக் கிடந்த உடம்பு, முழு உடம்பாக, கழுவித் துடைத்த முகத்தோடு, மாலை வெயிலில் இறங்கிப் போயிற்று. யாரோ விசிலடித்தார். அவ்வளவுதான், ஹேங்கர் கூரையே பிய்த்துக்கொண்டது. லாரிக்காரர் வண்டியின் ஹாரனை விடாமல் அழுத்தினார். வால் பகுதி கதவைத் தாண்டியபோது பட்டியல்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஜெயித்துவிட்டோம், ஜெயித்துவிட்டோம் என்று நாத்தனாரின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மணி என்ன?" என்று கேட்டார் மேலாளர்.

"அஞ்சு அம்பத்திரண்டு!" என்று ஐம்பது குரல்கள் ஒன்றாகக் கத்தின.

"இருபத்தாறு நாள்" என்றார் அவர், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவர் போல. பிறகு அத்தனை பேர் முன்னாலும் பட்டியல்காரிக்குக் கைகொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

லாரிக்காரர் குதித்து இறங்கி வந்தார். "இன்னைக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறோம். சொல்லுங்க, கீழ்வீடா மேல்வீடா? தபால்காரன் இன்னையோட ரிட்டையர்டு!"

நாத்தனார் சிரிக்கவில்லை.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும்." கோட்டுப் பொத்தானைத் திருகினாள். "மூணு வாரத்துக்கு முன்னாடி மாற்றல் கேட்டு எழுதிக் குடுத்தேன். வேற ஊர் ஹேங்கருக்கு. நேத்து உத்தரவு வந்துடுச்சு. திங்கக்கிழமை அங்க போய்ச் சேரணும்."

"என்னடி சொல்ற?" என்றார் லாரிக்காரர்.

"மாடிப்படியில அண்ணியப் பாத்ததும் தலையத் திருப்பிக்கறது என்னால முடியல அண்ணா. வேற எதுக்கும் இல்ல."

வெளியே ஜனங்கள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டியல்காரி நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியில், விறுவிறுவென்று படியேறி, கதவைத் தட்டக்கூடச் செய்யாமல் மேலாளர் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், இவளோட மாற்றல் உத்தரவு."

"ஆமா. தலைமையகம் போட்டது. இவங்க இடத்துக்கு வர்ற ஆள் நாளைக்கே கிளம்பறார்" என்றார் அவர், எழுதிக்கொண்டே. "இதுல நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்லம்மா."

"அன்னைக்கு இதே அறையில, தோத்தா நாற்காலியைக் காலி பண்றேன்னு சொன்னேன் சார். ஜெயிச்சா எனக்கு என்னன்னு நீங்களும் கேக்கல, நானும் சொல்லல."

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி, இப்ப கேக்கறேன். என்ன வேணும் உங்களுக்கு?"

"இவ வேணும்."

நாத்தனார் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேலாளர் தொலைபேசியை அருகில் இழுத்து, தலைமையகத்தின் எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.